வாய்க்குள் குடியிருப்பவர்கள்

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் ஒரு மெழுகு உருண்டையைக் கொடுத்து மெல்லச் சொல்கிறார்கள். இனிப்பும் இல்லை, மணமும் இல்லை. பல்லுக்கடியில் நசுங்கி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வாய் ஊறுகிறது. ஊறியதை விழுங்கக் கூடாது. கையில் உள்ள சின்னக் கிண்ணத்தில் துப்ப வேண்டும். நாலு ஊர் பார்த்தவராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் கூசத்தான் செய்வார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு துப்புவார்.

அதற்குப் பிறகு நடப்பது சமையல்கட்டு வேலை மாதிரி. விரல் அகலத்தில் ஒரு பலகை. அதன் இருபுறமும் அகர் என்கிற கூழ் உறைந்திருக்கிறது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெளிர் நிறம். கிண்ணத்தில் இருப்பதை இரண்டு பக்கமும் நனையும்படி ஊற்றி, மிச்சத்தை வடியவிட்டு, பலகையைக் குப்பிக்குள் செருகுகிறார்கள். குப்பியின் அடியில் ஒரு சோடா மாத்திரை கிடக்கிறது. ஈரம் பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு கிளம்பும். வாய்க்குள் இருக்கும் சூழலை அது ஓரளவு போலி செய்யும். உடம்புச் சூடான 37 டிகிரியில் 48 மணி நேரம் வைத்து எடுத்தால், நீலப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கூட்டம் முளைத்திருக்கும். அட்டையில் உள்ள மாதிரிப் படங்களோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000-க்கு மேல் என்றால் சொத்தை விழும் அபாயம் அதிகம். ஈறு நோய்க்கு வேறு முறை: உப்புநீரை அரை நிமிடம் கொப்பளித்துக் குழாயில் துப்பினால், ஆய்வகத்தில் மரபணுத் துணுக்குகளைப் பெருக்கிப் பார்த்து, எந்தப் பாக்டீரியா எவ்வளவு என்று பட்டை பட்டையாக வரைந்து அனுப்புகிறார்கள். சில பட்டைகள் கோட்டைத் தாண்டி நிற்கும்.

'தீங்கு செய்யும் பாக்டீரியா' என்று அறிக்கை சொல்கிறது. அந்த அடைமொழியில்தான் சிக்கல். கொடுக்கு தேளோடு பிறப்பது போல், தீங்கு அந்த உயிரோடு கூடவே பிறந்த குணமா? இல்லை, இடமும் பொருளும் சேர்க்கையும் பார்த்து வந்து சேர்வதா? ஆய்வகம் எண்ணிக் கொடுத்தது உயிர்களை. நோயாளி வாசித்துக்கொள்வது தீமையை. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. சமயங்கள் வெகுகாலமாக இடறி விழுந்து எழுந்துகொண்டிருக்கும் பள்ளம் அது.

தமிழில் வாய்நீருக்கு இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறும். உள்ளே சுரக்கும்போது உமிழ்நீர், வாயூறல். இலையிலோ டம்ளரிலோ பட்டுவிட்டால் எச்சில். எஞ்சு, எச்சம் என்ற குடும்பத்துச் சொல் அது; மிச்சம் என்பதுதான் வேர்ப்பொருள். அழுக்கு என்பது அந்த வேரில் இல்லை, பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியது சும்மா இருக்கவும் இல்லை: யாருக்கு எட்டத்தில் நின்று கையில் தண்ணீர் ஊற்றுவது, யாருக்குத் தனி டம்ளர் என்று ஊர் ஊராகப் பிரித்து வைத்ததில் இந்தச் சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1955-இல் வந்த 'பிகமிங்' என்ற சிறு நூலில் வாசகரை ஒரு கற்பனைக்கு அழைத்தார். வாயில் ஊறிய எச்சிலை விழுங்குவதாக நினைத்துப் பாருங்கள். பிறகு அதையே டம்ளரில் துப்பிக் குடிப்பதாக நினைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை முகம் சுளிக்காமல் உள்ளே தள்ளுகிறவர், ஒரே ஒரு வாய் வெளியே போய்த் திரும்பி வந்தால் மாட்டேன் என்கிறார். பொருள் அதேதான். 'நான்' என்ற வேலிக்கு வெளியே ஒரு நொடி நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பெரியபுராணத்துத் திண்ணனார் இந்த வேலியை எதிர்ப்பக்கமிருந்து தாண்டியவர். காளத்தி மலையில் சிவலிங்கத்துக்கு நீராட்டப் பாத்திரம் இல்லை. வாயில் ஆற்றுநீரை நிரப்பிக்கொண்டு வந்து உமிழ்ந்தார். இறைச்சியைக் கடித்துச் சுவை பார்த்து, நல்ல துண்டாகப் படைத்தார். ஆகம முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் வந்து பார்த்துப் பதறிப்போய் இடத்தைக் கழுவினார். கங்கையைவிட அந்த வாய்நீர் தனக்கு உயர்ந்தது என்று இறைவன் அவர் கனவில் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். அந்த நீரை மேற்படி நீலப் பலகையில் ஊற்றியிருந்தாலும் புள்ளிகள் முளைத்திருக்கும். சேக்கிழாருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தூய்மை நீருக்குள் இல்லை, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் இருக்கிறது என்பது அவர் கட்சி. இதே பேச்சைப் பாக்டீரியாவைப் பற்றியும் பேச முடியுமா என்பதுதான் கேள்வி.

வாயில் உயிர்கள் இருப்பதை முதலில் எழுதி வைத்தவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹூக். 1683 செப்டம்பர் 17 தேதியிட்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதம் அது. தினமும் உப்பால் பல் தேய்ப்பவர், துணியால் அழுந்தத் துடைப்பவர். அப்படியும் பல்லிடுக்கில் மாவு போல வெள்ளையாக ஏதோ தங்குகிறது. அதைச் சுரண்டி மழைநீரில் கலந்து தன் கைவில்லையின் கீழ் வைத்தார். சில உயிர்கள் மீன் போல் பாய்ந்தன, சில பம்பரமாய்ச் சுழன்றன. இரண்டு பெண்கள், ஒரு குழந்தை, ஆயுசில் வாயே கழுவாத ஒரு கிழவர் என்று மற்றவர் வாயையும் விட்டுவைக்கவில்லை. தன் நாட்டு மக்கள் மொத்தத்தையும்விடத் தன் வாயில் குடியிருப்பவர்கள் அதிகம் என்று கணக்குப் போட்டார். கடிதத்தில் வியப்பு இருக்கிறது, பகை இல்லை. வேடிக்கை என்னவென்றால், வெறும் எச்சிலையும் பார்த்துவிட்டு அதில் உயிர் ஏதும் இல்லை என்று எழுதினார். இன்றைய கணக்கில் ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் சுமார் 10 கோடி பாக்டீரியா. அவர் காலி என்று ஒதுக்கிய திரவத்தை நம்பித்தான் இன்றைய பரிசோதனை நிற்கிறது.

பகை இருநூறு ஆண்டு கழித்து வந்தது. பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லபி மில்லர், வாய் நுண்ணுயிர்களைப் பற்றி 1890-இல் புத்தகம் போட்டார். மாவும் சர்க்கரையும் புளித்து உண்டாகும் அமிலம் பல்லைக் கரைக்கிறது, புளிக்க வைப்பவை பாக்டீரியா என்றார். ஆனால் இன்னார்தான் என்று யாரையும் சுட்டவில்லை. 1924-இல் லண்டனில் கிலியன் கிளார்க் சொத்தைப் பல்லிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். 1960 வாக்கில் ராபர்ட் ஃபிட்ஜெரால்டும் பால் கீஸும் வெள்ளெலிகளை வைத்து, சொத்தை ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்குத் தொற்றும் என்று காட்டினார்கள். குற்றவாளி அகப்பட்டாயிற்று, இனி எச்சிலில் அவனை எண்ணினால் போதும் என்ற நம்பிக்கை பிறந்தது.

நம்பிக்கை முழுசாகப் பலிக்கவில்லை. பலகை நிறையப் புள்ளிகளோடு ஒரு சொத்தைகூட இல்லாதவர்கள் வந்தார்கள். அடுத்த சொத்தை யாருக்கு விழும் என்று சொல்வதில், வாயைத் திறக்கச் சொல்லிப் பழைய சொத்தைகளை எண்ணுவதே பாக்டீரியாவை எண்ணுவதைவிட நல்ல குறியாக இருக்கிறது. 1994-இல் பிரிட்டனின் ஃபிலிப் மார்ஷ் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்தார். அடிக்கடி சர்க்கரை வருகிறது, வாய் புளிக்கிறது, புளிப்பைத் தாங்கும் இனம் மட்டும் பெருகுகிறது. ஆக, அந்தப் பாக்டீரியா நோய்க்குக் காரணம் மட்டும் இல்லை, நோயை வளர்த்த பழக்கத்தின் விளைவும்கூட.

ஈறு நோயில் கதை இன்னும் விசித்திரம். போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்று ஒன்று உண்டு. ஈறு அறிக்கைகளில் முதல் எதிரியாக நிற்பது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளின் வாயில் இதை மட்டும் விட்டார்கள். எலும்பு கரையவில்லை. வழக்கமான வாய்ப் பாக்டீரியாக்கள் குடியிருந்த எலிகளில் விட்டபோது கரைந்தது. மொத்தக் கூட்டத்தில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தே இது காரியத்தைச் செய்துவிடுகிறது. தானாக அழிப்பதில்லை, சாதுவாக இருந்தவற்றின் நடத்தையைக் கெடுக்கிறது. தமிழில் இதற்குக் கைவசம் சொல் இருக்கிறது: சகவாச தோஷம். தோஷம் யாருடையது என்று அந்தச் சொல் தெளிவாகச் சொல்வதில்லை. ஆய்வகத்தாலும் அதைச் சொல்ல முடியவில்லை.

கிறித்தவ ஐரோப்பாவில் இதே குழப்பம் வேறு வேடத்தில் நடந்தது. குடற்புழுக்கள் மனித உடம்பில்தான் வாழும் என்றால், அவை ஆதாமின் வயிற்றிலும் இருந்தனவா? நல்லவை மட்டுமே இருந்த ஏதேன் தோட்டத்தில் நாடாப்புழுவுக்கு என்ன வேலை? இத்தாலிய மருத்துவர் அன்டோனியோ வல்லிஸ்னேரி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்: புழுக்கள் ஆதாமுக்குள் இருந்தன, ஆனால் பாவத்துக்கு முன்பு அவை தீங்கு செய்யவில்லை. புழு மாறவில்லை, மனிதனின் நிலை மாறிவிட்டது. இன்று இதைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் வடக்கு ஐரோப்பாவின் 34 பழைய எலும்புக்கூடுகளின் பற்காரையை ஆராய்ந்து 2013-இல் வெளியான முடிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். சொத்தைப் பாக்டீரியாவின் ஆதிக்கம் ஓங்கியது தொழிற்புரட்சிக் காலத்தில், ஆலைச் சர்க்கரையும் வெள்ளை மாவும் வீட்டுக்கு வீடு வந்தபோது. ஏதேனில் கனி, இங்கே கட்டிச் சர்க்கரை.

இந்தச் சர்க்கரைக் கணக்கைச் சரிபார்க்கவே ஒரு பாவம் நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவீடனின் லுண்ட் நகருக்கு அருகே விபெஹோல்ம் விடுதியில் மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்து 1945 முதல் நடத்திய சோதனைகளில், பல்லில் ஒட்டும்படி பிரத்தியேகமாகச் செய்த டாஃபிகளைச் சாப்பாட்டுக்கு நடுநடுவே கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்களின் பற்கள் சொத்தையாயின. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம் என்று உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். தீங்கு செய்யும் உயிர் எது என்று தேடுகிறவர்கள் இந்த ஆவணத்தையும் ஒருமுறை புரட்டலாம்.

வாயையும் அதன் உயிர்களையும் வேறு விதமாகப் பார்த்த மரபு ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலை. உச்சியில் ஒரு ஜோடிப் பாதச் சுவடுகள். குந்தகுந்தாச்சாரியாருடையவை என்று சமணர் வணங்குகிறார்கள். அவர் பெயரில் வழங்கும் 'பிரவசனசாரம்' திகம்பரத் துறவிக்கு 28 மூலகுணங்களை வகுக்கிறது. ஆடையின்மை, நீராடாமை, தரையில் படுத்தல், நின்றபடி உண்ணல், ஒருவேளை உணவு ஆகியவற்றோடு இன்னொன்றும் உண்டு: பல் விளக்காமை. திகம்பர ஒழுக்க நூலான 'மூலாசாரம்' விரலால், நகத்தால், குச்சியால், புல்லால், கல்லால், மரப்பட்டையால் என்று ஒன்றுவிடாமல் அடைக்கிறது. ஆலங்குச்சிக்கும் வேலங்குச்சிக்கும் அங்கே இடமில்லை. நூல் சொல்லும் நோக்கம் புலனடக்கம். உடம்பைச் சிங்காரிக்கும் ஆசையை வேரோடு பிடுங்குவது. வாயில் உள்ள உயிரைக் காப்பாற்ற என்று அதற்கு அறிவியல் சாயம் பூசத் தேவையில்லை.

ஆனால் உயிர்க்கணக்கும் சமணத்தில் உண்டு. கண்ணுக்குப் புலப்படாமல், கூட்டமாக, ஒரே உடலைப் பகிர்ந்து, ஒன்றாக மூச்சுவிடும் ஒருபுலன் உயிர்களை நிகோதம் என்கிறது மரபு. உடம்பிலிருந்து வெளியேறிய கழிவில் ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடத்துக்குள், உயிர்கள் தாமே தோன்றிவிடும் என்றும் ஒரு கொள்கை உண்டு. அதனால்தான் சமணக் குடும்பங்கள் பலவற்றில் சாப்பிட்ட தட்டில் தண்ணீர் ஊற்றி, அலசி, அதையும் குடித்துவிடும் பழக்கம். எச்சில் தட்டு அப்படியே கிடந்தால் உயிர் தோன்றும், தோன்றியது சாகும், சாவுக்குச் சாப்பிட்டவர் பொறுப்பு. மற்ற வீடுகளில் எச்சில் தட்டு அருவருப்பு. இந்த வீட்டில் அது ஒரு பிரசவ அறை. ஆய்வகத்தின் 48 மணியும் இந்த 48 நிமிடமும் எண்ணளவில் ஒத்துப்போவதைப் பார்த்து, முன்னோர்கள் அன்றே நுண்ணுயிரியல் அறிந்திருந்தார்கள் என்று கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். அது இரு தரப்புக்குமே மரியாதை ஆகாது. ஆய்வகம் உயிர் வளர 48 மணி நேரம் காத்திருக்கிறது. சமணர் உயிர் தோன்றிச் சாகாமல் இருக்க 48 நிமிடத்துக்குள் விரைகிறார்.

துறவிக்கு விதி தெளிவு. இல்லறத்தான் பாடுதான் சுவாரசியம். அவன் பல் விளக்கலாம். அவனுடைய ஹிம்சையைச் சமண நூல்கள் நான்காகப் பிரிக்கின்றன: வேண்டுமென்றே செய்யும் சங்கல்பம், வீட்டு வேலைகளில் நேரும் ஆரம்பம், பிழைப்பில் நேரும் உத்தியோகம், தற்காப்பில் நேரும் விரோதம். இல்லறத்தான் கட்டாயமாக விட வேண்டியது முதலாவதை மட்டும். காலையில் பேஸ்ட்டைப் பிதுக்கித் தேய்ப்பது வாசல் பெருக்குவது போல. எறும்பு செத்தாலும் எறும்பைக் கொல்லக் கிளம்பியதல்ல. பல் மருத்துவர் காரையைச் சுரண்டுவது உத்தியோகம்.

இப்போது அறிக்கையை நடுவில் வையுங்கள். பெயர், எண்ணிக்கை, சிவப்புப் பட்டை எல்லாம் வந்துவிட்டன. நேற்றுவரை வெறும் பல் விளக்கலாக இருந்தது, இன்று காலை ஜிஞ்சிவாலிஸைக் கொல்லும் காரியமாக மாறிவிட்டது. பிரஷ் அதே, கை அதே, சாகிற உயிரும் அதே. அறிவு மட்டும் கூடியிருக்கிறது. இது இன்னும் ஆரம்பமா, இல்லை சங்கல்பமா? தற்காப்பு என்றால், பகைக்க மனமே இல்லாத ஓர் உயிரிடமிருந்து தற்காத்துக்கொள்வது எப்படிப்பட்ட தற்காப்பு? 'தத்துவார்த்த சூத்திரம்' ஹிம்சைக்குத் தரும் விளக்கம் இங்கே கைகொடுக்கிறது: அசட்டையோடு கூடிய செயலால் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை. செத்த எண்ணிக்கை அல்ல, செய்தவனின் கவனமின்மைதான் அளவுகோல். அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் அறிக்கையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பாக்டீரியா அல்ல. இரவு பத்து மணிக்கு மிட்டாய் மென்றுவிட்டு அப்படியே படுத்தவர்.

இதைக் கேட்டு விளக்காமலே விட்டுவிடலாமா என்றால், அதற்கும் கணக்கு இருக்கிறது. டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் சகாக்களும் 1965-இல் 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேர் ஈறும் வீங்கியது. மறுபடி விளக்கியதும் சரியானது. ஒருவேளை உண்ணும் துறவியின் வாய் வேறு என்று வாதாடலாம். சொத்தை விஷயத்தில் வாதத்துக்குக் கொஞ்சம் இடமும் உண்டு. ஈறு அதைக் கேட்காது. மறுகோடிக்குப் போய் எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டவும் முடியாது. 2013-இல் வந்த ஓர் ஆய்வில் நல்ல உடல்நலம் கொண்ட 19 பேர் ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொப்பளித்தார்கள். ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. கீரையில் உள்ள நைட்ரேட்டை உடம்புக்குத் தோதாக மாற்றித் தரும் பாக்டீரியாக்களும் மவுத்வாஷில் செத்துப்போயிருந்தன.

எச்சில் பரிசோதனையில் மனசை அதிகம் உறுத்துவது தாயின் கிண்ணம். குழந்தையின் வாய்க்கு மியூட்டன்ஸ் பெரும்பாலும் தாயிடமிருந்துதான் போகிறது. அமெரிக்காவில் பேஜ் காஃபீல்டு 1993-இல் வெளியிட்ட ஆய்வில் அது குடியேறும் காலம் 19 முதல் 31 மாதம் வரை என்று வந்தது. ஊதி ஆற்றிய கரண்டி, கடித்துக் கொடுத்த பிஸ்கட், முத்தம், எல்லாம் சந்தேகத்துக்கு ஆளாயின. சுவீடனில் தாய்மாரின் எச்சிலில் எண்ணிக்கையைக் குறைத்தபோது பிள்ளைகளுக்குப் பாக்டீரியா தாமதமாக வந்தது, சொத்தையும் குறைந்தது. அதே சுவீடனில் 2013-இல் இன்னோர் ஆய்வு: கீழே விழுந்த சூப்பானைத் தங்கள் வாயில் வைத்துச் சப்பிச் சுத்தம் செய்து கொடுத்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதில் கரப்பான் குறைவாக இருந்தது. ஒரே எச்சில். பல்லுக்குப் பகை, தோலுக்கு உறவு. தென்மாவட்டங்களில் பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கும் பாட்டி, தன் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்புகிறாள். குணம் வருமோ வராதோ, அன்பாகக் கொடுத்ததெல்லாம் நல்லதாகத்தான் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் எந்த மரபிலும் இல்லை. எண்ணிக்கை தெரிந்த தாய் இனி எப்படிக் கரண்டியைப் பிடிப்பாள் என்பதை ஆய்வகம் சொல்லாது. அவளிடம் சீட்டை நீட்டுகிற மருத்துவர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதைப் பொறுத்து, அது எச்சரிக்கையாகவோ பழியாகவோ போய்ச் சேரும்.

48 மணி நேரம் முடிந்ததும் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அதைக் கிருமிநாசினியில் முக்குகிறார்கள். சோடாவும் சூடும் கொடுத்து வளர்த்த கூட்டம் அதோடு முடிகிறது. நீலக் கூழ் குப்பைக்குப் போகிறது. அதற்குள் கிண்ணத்தில் துப்பியவர் ஊருக்குப் போய், இரண்டு காலையும் இரண்டு இரவும் பல் விளக்கி, பத்துப் பன்னிரண்டு தடவை தின்று குடித்திருப்பார். அவர் வாயில் அந்த இடம் எப்போதோ நிரம்பியாயிற்று.